தோழமைக் கூட்டம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சமூக நீதிக்காகவும் உலக மக்களின் தோழமைக்காகவும் கூட்டம், பேரணி, கண்காட்சி என்று நடத்திவரும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் மேடையில் ஏறும் ஆள் இல்லை; எதிரே நாற்காலியில் உட்காரும் ஆள். துண்டறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தீர்மானம் வாசிக்கும்போது கைதட்டுபவர்களில் ஒருவர். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். யாருக்காகக் கூடுகிறோமோ அவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம் மேடை போடுங்கள்.

இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைப்பீர்கள். வேண்டும். பல இடங்களில் வேலை நாட்காட்டியில்தான் தொடங்குகிறது. பிப்ரவரி 20 உலக சமூக நீதி நாள், மார்ச் 8 மகளிர் நாள், மார்ச் 21 இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான நாள். நாள் முடிவானதும் அரங்கு, அரங்கு கிடைத்ததும் பேச்சாளர்கள், கடைசியில் அவசரமாக எழுதிய ஒரு தீர்மானம். பாதிக்கப்பட்டவர்களின் பெயர் பதாகையில் பெரிதாக இருக்கும். அவர்களுடைய கோரிக்கை என்னவென்று மேடையில் இருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1984-இல் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். டன்ஸ் ஸ்டோர்ஸ் கடையில் பணம் வாங்கும் இடத்தில் இருந்த மேரி மானிங் என்ற 21 வயதுப் பெண், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிரேப்ஃப்ரூட் பழத்துக்கு ரசீது போட மறுத்தார். கறுப்பின மக்களை ஒடுக்கிவந்த அங்கத்திய வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து, அந்த நாட்டுப் பொருள்களைக் கையாள வேண்டாம் என்பது அவருடைய தொழிற்சங்கத்தின் முடிவு. நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்ய, கூட வேலை பார்த்தவர்கள் சிலரும் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்துவிட்டார்கள். அப்போது அந்த நிறவெறி ஆட்சியைப் பற்றி அவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. நாடு கடந்து அயர்லாந்தில் வாழ்ந்த நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கவாதி மறியலில் வந்து சேர்ந்துகொண்டார். அங்கே மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று நடைபாதையில் நின்றபடியே அவர்களுக்குச் சொன்னார். நான் பார்த்த எந்தக் கருத்தரங்கையும்விட அந்த நடைபாதை நல்ல வகுப்பாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. 1985-இல் அந்தக் கடை ஊழியர்கள் தென்னாப்பிரிக்காவுக்கே போனார்கள். அதிகாரிகள் அவர்களை ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலைநிறுத்தம் மூன்று ஆண்டுகளை நெருங்கியது. தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் அயர்லாந்து அரசு விதித்த தடை 1987-இல் நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் செய்தது அங்கிருந்தவர்களே கேட்டிருந்த காரியம். எங்கள் நாட்டுப் பொருள்களை வாங்காதீர்கள், அதனால் எங்களுக்கும் கஷ்டம் வரும், அதைத் தாங்கத் தயாராக இருக்கிறோம் என்று அங்கே நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆல்பர்ட் லுத்துலி போன்ற தலைவர்கள் 1959-இலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள்.

சரி, புறக்கணிப்பு அங்கே பலித்தது, எல்லா இடத்திலும் அதையே செய்வோம் என்றால் தவறிவிடும். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர்கள். வங்கதேசத்து ஆடைகளையே வாங்கக் கூடாது என்று வெளிநாடுகளில் குரல் எழுந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அங்கிருந்த தொழிலாளர் அமைப்புகள் பல அதை விரும்பவில்லை. எங்கள் வேலையைப் பறிக்காதீர்கள், எங்களிடம் துணி தைத்து வாங்கும் நிறுவனங்களைப் பொறுப்பேற்க வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். அடுத்த மாதமே தீ, கட்டடப் பாதுகாப்பு குறித்த ஒப்பந்தம் வந்தது. தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம் நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. அப்போது ஊர் ஊராகப் புறக்கணிப்புக் கூட்டம் போட்டவர்கள் நல்ல மனதோடு தவறான பக்கம் தள்ளியிருக்கிறார்கள். விசாரிக்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, வந்திருப்பவர்களிடம் வேலையைக் கொடுங்கள். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்துகளில் கறுப்பின மக்களைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து, 1955 டிசம்பர் 5-ஆம் தேதி அவர்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அன்று மாலையே தேவாலயத்தில் பெருங்கூட்டம் கூடி, தொடர்வது என்று முடிவெடுத்தது. 381 நாள் அது நீடித்ததற்கு உரைவீச்சு மட்டும் காரணமில்லை. யாருடைய கார் எங்கே நிற்கும், யார் யாரை வேலைக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்றெல்லாம் ஏற்பாடு இருந்தது. பெட்ரோலுக்குப் பணம் வேண்டுமே! ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் மற்ற பெண்களோடு சேர்ந்து உணவு சமைத்து விற்று, அந்தப் பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். மேடைப் பேச்சு வரலாற்றில் நிற்கிறது. அந்தச் சமையலைச் சிலர்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கூட்டங்களில் நான் கேட்டவற்றில் பாதி, ஏற்கெனவே ஒத்த கருத்துள்ள எங்களிடமே சொல்லப்படும் வாதங்கள். ஏழு பேர் பேசும் இடத்தில் மூன்று பேர் போதும். மிச்ச நேரத்தில் கடிதம் எழுத வையுங்கள், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று பிரித்துக் கொடுங்கள், நன்கொடை எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்று அடுத்த கூட்டத்தில் கணக்குச் சொல்லுங்கள். கணக்குச் சொல்லாத கூட்டத்துக்கு இரண்டாம் முறை வர எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்று, சுருக்கமாக. அரங்கைக் கூட்டிப் பெருக்குபவருக்கு நியாயமான கூலி போகிறதா, சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழைய முடியுமா, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு இடம் உண்டா என்பதும் சமூக நீதிக் கணக்கில்தான் வரும். இதற்குத் தனியாகத் தீர்மானம் வேண்டாம்; செய்துவிட்டாலே போதும்.

அடுத்த அழைப்பிதழில் பேச்சாளர் பட்டியலுக்கு மேலே இரண்டு வரி அச்சிடுங்கள்: பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடம் கேட்பது என்ன, அதற்காக அன்று நாம் செய்யப்போவது என்ன. அந்த இரண்டு வரி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர்