ஒன்றரை மாத ஊசிக்கு வரும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

போன புதன்கிழமை தங்கை குழந்தைக்கு ஊசி போட அவளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் மடியில் ஆண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். எத்தனை நாள் என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு என்றாள். சளி இருந்ததால் ஒரு வாரம் தள்ளி வந்திருக்கிறாள். மஞ்சளுக்கு என்ன சொன்னார்கள் என்றேன். "தாய்ப்பாலால வர்றதாம்க்கா. காலை வெயில்ல காட்டச் சொன்னாங்க."

பையில் சுருட்டி வைத்திருந்த அழுக்குத் துணியைக் காட்டச் சொன்னேன். கூச்சத்தோடுதான் விரித்தாள். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி. நடுவில் மலம், அரைத்து வைத்த இட்லி மாவு போல வெளுத்து இருந்தது. சுற்றிலும் மூத்திரம் பட்ட இடம் மஞ்சள் கறையாகக் காய்ந்திருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் மகளுக்கு அதே மாதிரித் துணியை எழுபத்தைந்து நாள் துவைத்தவள் நான்.

பித்தநாள அடைப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்த மடலைக் கைக்குழந்தை உள்ள யாராவது படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும் என்று சொல்கிறேன். கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு வரும் குழாய், பிறந்த சில வாரங்களுக்குள் தழும்பாகி மூடிவிடுகிறது. மலத்துக்கு நிறம் தருவது பித்தம்தான். அது வராததால் மலம் வெளுக்கிறது, மூத்திரம் மஞ்சளாகிறது, தேங்கிய பித்தம் கல்லீரலைக் கெடுக்கிறது. கெட்ட குழாயை எடுத்துவிட்டு, குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய்க் கல்லீரலோடு நேராக இணைப்பதுதான் ஆபரேஷன். ஜப்பானிய அறுவை சிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் 1950களில் செய்து காட்டியது. அவர் பெயரில் கசாய் ஆபரேஷன் என்றே வார்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அதை அறுபது நாளுக்குள் செய்தால் பித்தம் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. தொண்ணூறைத் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

என் மகளுக்கு தொண்ணூற்று நாலாவது நாள் செய்தார்கள்.

அவள் நன்றாகப் பால் குடித்தாள், சிரித்தாள், எடையும் ஏறியது. உணவுக்குழாய் மூடிப் பிறக்கும் குழந்தை முதல் நாளே வாயில் நுரை தள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். மலவாய் இல்லாமல் பிறந்தால் பிரசவ அறையிலேயே செவிலியர் கண்டுபிடித்துவிடுவார். இந்த நோய் அப்படிச் சத்தம் போடாது. என் அம்மா மலத்தின் வெளுப்பைப் பார்த்தார். "பால் மட்டும் குடிக்கிற புள்ள, வெள்ளையாத்தான் போவும்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், அதை நான் சாப்பிட்டேன். இருபதாம் நாள் காட்டிய மருத்துவமனையில் வெயில் என்றார்கள், நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போட்ட இடத்திலும் வெயில் என்றார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு வாசலில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மருந்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக நான் இழந்த இடம் அந்த வாசல்.

இரண்டரை மாத ஊசி போட்ட அன்று தொடையில் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை மாற்றி மாற்றி வைத்தோம், சாயங்காலம் வரை கசிந்துகொண்டே இருந்தது. பித்தம் இல்லாமல் உடம்பில் வைட்டமின் கே சேராது, அது இல்லாமல் ரத்தம் உறையாது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு டாக்டர் அவள் துணியைப் பிரித்துப் பார்த்தார். கசாய் செய்தும் பித்தம் சரியாக ஓடவில்லை. பதினாலாவது மாதம் என் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். இப்போது நான்கு வயது. காலையும் இரவும் மணி தவறாமல் மாத்திரை. குளிக்கும்போது என் வயிற்றுத் தழும்பைத் தொட்டுவிட்டுத் தன்னுடையதையும் தொட்டுப் பார்ப்பாள்.

யாரையும் தண்டிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்த நர்சம்மா ஒரு புதன்கிழமையில் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்று நானே பார்த்திருக்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். தாய் சேய் நலப் புத்தகத்தில் மல நிற அட்டையை அச்சிடுங்கள். எது சரியான நிறம், எது ஆபத்தான நிறம் என்று வண்ணத்தில் காட்டும் ஒரே ஒரு பக்கம். ஒன்றரை மாத ஊசி போடும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி "உங்க பிள்ளைக்கு இதில் எந்த நிறம்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. தைவான் 2004 முதல் நாடு முழுவதும் இந்த அட்டையைக் கொடுக்கிறது. அதன்பிறகு அங்கே அறுபது நாளுக்குள் ஆபரேஷன் நடக்கும் குழந்தைகள் அதிகமானார்கள். ஜப்பான் 2012இல் தாய் சேய் கையேட்டிலேயே சேர்த்துவிட்டது. நம்மிடமும் புத்தகம் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண் இல்லாமல் ஒரு பிரசவம் நடப்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகு கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வருகிறார். எனக்குக் கொடுத்த புத்தகத்தில் எடை வரைபடம் இருந்தது, இரும்புச் சத்து மாத்திரை இருந்தது, கீரை படம்கூட இருந்தது. மலத்தின் நிறம் பற்றி ஒரு வரி இல்லை.

அபூர்வ நோய் என்பார்கள். பதினைந்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்று குறைத்து வைத்தாலும், வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில் ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் வரும். இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்ட குழந்தை, 1998இல், டெல்லியில். அது காஞ்சிபுரத்துப் பிள்ளை, நோயும் இதேதான். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். ஆனால் எங்கள் ஊரில் இன்றும் கண் மஞ்சளித்த ஐம்பத்திரண்டு நாள் குழந்தையை வெயிலில் காட்டச் சொல்கிறார்கள்.

கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் லட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்தால்தான் என் மகள் இருக்கிறாள், அந்த நன்றி சாகும்வரை இருக்கும். அதே அக்கறையை அறுபதாவது நாளுக்கு முன்னால் காட்டியிருந்தால் இத்தனை வெட்டு அவள் உடம்பில் விழாமலே போயிருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு ஏன் எங்கள் டெல்டா பக்கத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு ஓட வேண்டும், பிள்ளை உள்ளே இருக்க தகப்பன் ஏன் வாரக்கணக்கில் வராந்தாவில் படுக்க வேண்டும், வேலைக்குப் போகாத அத்தனை நாள் கூலியை யார் தருவார்கள் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அவற்றை இன்னொரு நாள் கேட்கிறேன். இப்போது அந்த ஒரு பக்கம்.

அதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. பதினாலு நாள் தாண்டியும் மஞ்சள் இருக்கும் எந்தக் குழந்தைக்கும் ரத்தத்தில் பிலிருபினை, அதாவது மஞ்சளுக்குக் காரணமான பொருளை, மொத்தம், நேரடி என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். நேரடி அளவு கூடியிருந்தால் வெயிலால் ஒன்றும் ஆகாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

பெஞ்சில் பார்த்த அந்தப் பெண்ணை அன்றைக்கே வெளியே ஒரு லேபுக்குக் கூட்டிப் போனேன். நேரடி அளவு கூடித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னைக்குக் கிளம்பினார்கள். இன்று அந்தக் குழந்தைக்கு ஐம்பத்தெட்டாவது நாள். நாளை காலை ஆபரேஷன் என்று சற்று முன்புதான் போன் வந்தது. தங்கைக்குத் துணைக்கு வேறு யாராவது போயிருந்தால் அந்தத் துணியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெஞ்சில் நான் இல்லாத மற்ற புதன்கிழமைகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஐயா, அம்மா, அடுத்த முறை அந்தப் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் தயவுசெய்து இந்தப் பக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். நிறத்தைச் சரிபார்க்க அம்மா ஒருத்தி வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், எந்த அலுவலகத்துக்கும் வருகிறேன். என் மகளின் துணி ஒன்றைத் துவைத்து பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

பணிவுடன்,
டெல்டா கிராமத்திலிருந்து ஒரு தாய்