டாமி காட்டிய தண்ணீர்

அன்புள்ள சுந்தரம்,

மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். முதலில் இதைப் படி, அப்புறம் திட்டு. பெர்த்தில் மகளும் பேரனும் நலம். குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று கிங்ஸ் பார்க்கில் ஒரு சிலையைப் பார்த்தேன். ஜான் ஃபாரஸ்ட். நம்ம சர்வே ஆள்டா! 18 வயதில் நில அளவைத் துறையில் சேர்ந்து, 1890-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல் பிரீமியர், அதாவது நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, ஆனவர். தங்கம் கிடைத்த கால்கூர்லியில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று 25 லட்சம் பவுண்டு கடன் வாங்கி, 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட வைத்திருக்கிறார். 1903-ல் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தாகம் அவருக்குத் தெரியும். 1874-ல் ஜெரால்டனிலிருந்து ஆறு பேர் குதிரைகளோடு கிளம்பிப் பாலைவனத்தைக் கடந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் தந்திக் கம்பி வரை போனார்கள். வழியில் தண்ணீர் தேடிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டாமி விண்டிச் என்ற பழங்குடி மனிதர். ஃபாரஸ்டின் மூன்று பெரிய பயணங்களிலும் கூடவே போனவர். 1876-ல் எஸ்பெரன்ஸில் இறந்தபோது, ஃபாரஸ்டும் அவர் தம்பியும் கல்லறைக்குக் கல் நாட்டினார்கள்.

இதைப் படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் மேலே படித்தால் வேறு கதை. பழங்குடிகளின் நலனுக்கென்று அரசு வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கும் 70-ஆம் பிரிவு, அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் அரசியல் சட்டத்தில் இருந்தது. வருவாய் 5 லட்சம் பவுண்டைத் தாண்டினால் 1 சதவீதம். 1897-ல் அதை நீக்கியது ஃபாரஸ்டின் அரசுதான். ஒருவருக்குக் கல்லறைக் கல், அவர் இனத்துக்கு அந்த ஒரு சதவீதம்கூட இல்லை. எப்படிடா மனசு வந்தது?

ராத்திரி தூக்கமே வரவில்லை. நமக்கு நிலம் அளக்கச் சங்கிலி பிடித்த செயின்மேன் முனியாண்டி அண்ணன்தான் கண்முன் நின்றார். சித்திரை வெயிலில், அந்த ஓடை மணலில் முழங்கை ஆழம் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரைத் துண்டில் வடிகட்டி, முதலில் உனக்குத்தானே கொடுத்தார்? ஒரு தம்ளரை நீ ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தாய், மகாராசா! அன்றைக்கு அளந்து வரைந்த புலப்படத்தின் மூலையில் உன் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது. அவர் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை.

நீ ஊரில்தானே இருக்கிறாய், அந்தப் பக்கம் போய் விசாரி. அவர் இல்லாவிட்டாலும் மகன் இருப்பான். முகவரி வாங்கி அனுப்பு. தை மாதம் வந்ததும் இரண்டு பேரும் போகலாம்.

அன்புடன்,
ராமு