தக்காளியின் அடி கருப்பது நோயன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், தக்காளிக் காய்கள் பழுக்கும் முன்பே அடிப்பக்கம் கருத்து அழுகிவிடுவதாக வாசகர் ஒருவர் அண்மையில் கேட்டிருந்தார். முட்டை ஓட்டைப் பொடித்து வேரடியில் இடுமாறும், அதற்கும் அடங்காவிடில் பூஞ்சாணக் கொல்லியைத் தெளிக்குமாறும் அவருக்கு விடை அளிக்கப்பட்டிருந்தது. அதே தொல்லையால் இரண்டு பருவம் அல்லல்பட்டு, அந்த இரண்டு வைத்தியங்களையும் செய்து பார்த்துத் தோற்றவள் என்ற முறையில், அந்த விடை எங்கள் பக்கத்துக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ளது. கேரளத்தில் இருந்தாலும், எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய எங்கள் சுற்றுவட்டார ஊர்களில் வீட்டுப் பேச்சும் சந்தைப் பேச்சும் பெரும்பாலும் தமிழே. வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு தக்காளியை வீட்டில் வளர்ப்பானேன் என்று என்னைக் கேட்காதவர் இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அந்தக் கேள்வி தானாக நின்றது. அந்த ஆண்டுதான் கொல்லையில் பதினெட்டுச் செடிகளும், மொட்டைமாடியில் பன்னிரண்டு பைகளுமாகத் தொடங்கினேன்.

செடிகள் செழித்து வளர்ந்தன. பூவும் பிஞ்சும் குறைவில்லை. ஆனால், காய் எலுமிச்சை அளவை எட்டும்போது, காம்புக்கு நேர் எதிரே, பூ உதிர்ந்த முனையில், நீர் கோத்தாற்போல ஒரு சிறு புள்ளி தோன்றியது. அது நாலைந்து நாளில் பழுப்பாகி, பிறகு கருத்து, செருப்புத் தோல் போலத் தட்டையாக உள்வாங்கியது. துர்நாற்றம் இல்லை, கசிவும் இல்லை. முதல் கொத்துக் காய்களில் பாதிக்கு மேல் இப்படியே போயின. ஒரு மருந்துக்கடையில் காட்டியபோது, காயைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் காப்பர் ஆக்சிகுளோரைடு ஒரு பொட்டலம் எடுத்து வைத்தார்கள். மூன்று முறை தெளித்தேன். இலைகள் நீலம் பூத்ததைத் தவிர வேறு மாற்றம் எதையும் காணவில்லை.

காணாததில் வியப்பும் இல்லை. ‘பூமுனை அழுகல்’ எனப்படும் இது பூஞ்சாணத்தாலோ பாக்டீரியாவாலோ வருவதன்று. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தொற்றுவதும் அன்று. காயின் அந்த முனைக்குச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் உரிய நேரத்தில் போய்ச் சேராததால் வரும் குறைபாடு. செல்லின் சுவரைக் காரை போலப் பிடித்து நிறுத்துவது கால்சியம். காய் வேகமாகப் பருக்கும் முதல் இரண்டு வாரங்களில் அது போதாமல் போனால், காம்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள முனையில் திசுக்கள் நிலைகுலைந்து சரிகின்றன. கருத்த இடத்தில் பின்னால் பூஞ்சாணம் வந்து குடியேறுவது உண்டு. ஆனால் அது சாவு வீட்டுக்கு வந்த விருந்தாளிதானே தவிர, சாவுக்குக் காரணம் அன்று.

‘கால்சியம் குறைவு என்றால் முட்டை ஓடு இடுவது சரிதானே’ என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இங்கேதான் மண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேரளத்தின் பெரும்பகுதி நிலம் புளிப்பு மண். அங்கே கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு, இடாமல் எந்தக் காய்கறியும் வைக்க மாட்டார்கள், அது சரியான வழக்கமும்கூட. மலையாள நாளேடுகளில் வரும் ஆலோசனைகளும் அந்த மண்ணை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியோ கரிசல் மண். இயல்பிலேயே சுண்ணாம்பு மிகுந்த அந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டுவது கடலில் உப்பைக் கரைப்பதற்கு ஒப்பாகும். என் கொல்லை மண்ணைப் பரிசோதித்தபோது கார அமில நிலை (pH) 8.2 என்று, அதாவது கார மண் என்று வந்தது. முட்டை ஓடு ஒன்றின் எடை சுமார் 5 கிராம்; அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளிப்பு மண்ணிலேயே மெல்ல மெல்லக் கரையும் அந்தப் பொருள், கார மண்ணில் அந்தப் பருவத்துத் தக்காளிக்கு உதவும் வேகத்தில் ஒருநாளும் கரையாது. நான் இட்ட ஓட்டுத் துண்டுகள் அடுத்த ஆண்டு கொத்தும்போது வெள்ளை வெளேரென்று அப்படியே வந்தன.

அப்படியானால் மண்ணில் இருக்கும் சத்து காய்க்கு ஏன் வரவில்லை? எனக்கு இதை விளங்க வைத்தது நிலக்கடலை. எங்கள் கொழுந்தனார் கடலை விவசாயி. கடலைக்கு 40 நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். கடலைக் காய் மண்ணுக்குள்ளேயே இருப்பதால், தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் தோலின் வழியாக மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. தக்காளிக்கு அந்த வசதி இல்லை. அது அந்தரத்தில் தொங்குகிறது. கால்சியமோ வேர் உறிஞ்சும் நீரோடு மட்டுமே மேலே ஏறும், ஏறி ஓரிடத்தில் தங்கியபின் இலையிலிருந்து காய்க்கு இடம் மாறாது. நீரை இழுப்பவை இலைகளே. தக்காளிக் காயின் தோலில் இலைத்துளைகள் கிடையா. ஆகையால் காய் இழுக்கும் நீர் மிகக் கொஞ்சம். வெயிலும் காற்றும் மிகுந்த நாளில் ஏறிவரும் நீரையெல்லாம் இலைகள் பறித்துக்கொள்ள, காய் வெறுங்கையோடு நிற்கிறது. இலைமேல் கால்சியம் தெளித்துப் பெரிய பலன் கிடைக்காததற்கும் இதுவே காரணம்.

எங்கள் ஊரின் காற்றைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் குடியிருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்தும், கார்த்திகை முதல் தை வரை கிழக்கிலிருந்தும் அடிக்கிறது. பின்னதை மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்பார்கள். அது ஈரமே இல்லாத வறட்டுக் காற்று. இரவில் காற்று அடங்கி ஈரப்பதம் கூடும்போதுதான் வேரின் அழுத்தம் நீரைக் காய்வரை தள்ளிக் கொடுக்கிறது. அந்த இரவு வாய்ப்பையும் எங்கள் காற்று கெடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கரிசல் மண் காய்ந்தால் வாய் பிளந்து, நுண்வேர்களை அறுக்கிறது; நனைந்தால் மூச்சு விடாமல் வேரை அமுக்குகிறது. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தெருவில், வந்த அன்று குளமாக்கி, வராத அன்று காயவிட்டுக்கொண்டிருந்தேன். கருத்த காய்களுக்குக் காரணம் மருந்துக்கடைக்காரரும் அல்லர், முட்டை ஓடும் அன்று; என் கையிலிருந்த குடந்தான்.

இரண்டாம் பருவத்தின் நடுவில் அதை மாற்றினேன். தண்ணீர் வரும் நாளில் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்துவைத்து, காலையில் ஒரு பங்கும் மாலையில் ஒரு பங்குமாக, நாள் தவறாமல், செடிக்கு அளந்து ஊற்றினேன். கொல்லைச் செடிகளின் அடியில் கடலைத் தோலையும் தென்னை ஓலை நறுக்கையும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினேன். கிழக்குப் பக்கம் பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டதைப் பார்த்துத் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. யூரியாவை அறவே நிறுத்தினேன். அமோனிய வடிவில் சேரும் தழைச்சத்து, கால்சியம் வேருக்குள் நுழைவதைத் தடுப்பதோடு, இலையை மட்டும் கொழுக்க வைத்துக் காயின் பங்கையும் பிடுங்குகிறது. மக்காத சாணத்துக்கும் இதே குற்றம் உண்டு. கருத்த காய்களை உடனுக்குடன் கிள்ளிவிட்டேன், ஏனெனில் அவை திரும்பிச் சரியாவதில்லை. மூன்று வாரத்துக்குள் புதிதாகப் பிடித்த காய்கள் அடி சுத்தமாக வந்தன. அதற்கு முன் முற்றியிருந்தவற்றில் கருத்த பகுதியை அரிந்து எறிந்துவிட்டு, மிச்சத்தை ரசத்துக்கு வைத்துக்கொண்டேன். உள்ளே பூசணம் பிடிக்காதவரை அதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

மாடிப் பைகளின் கதை மட்டும் வேறு. அவற்றில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு. அதில் இயல்பாகவே கால்சியம் மிகக் குறைவு; சரியாக அலசாத கழிவில் சாம்பல்சத்தும் உப்பும் மிகுந்து, இருக்கும் கால்சியத்துக்கும் போட்டியாக நிற்கும். ஆகவே பைக்கு ஒரு கைப்பிடி ஜிப்சம் அங்கே நியாயமானது. சுண்ணாம்பைப் போல அது காரத்தை ஏற்றாது. சிறிய பை நண்பகலுக்குள் காய்ந்துவிடுவதால், பெரிய பைக்கு மாறியது அதைவிடப் பயன் தந்தது. எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்லிக் கைப்பேசியில் சுற்றிவரும் யோசனையை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் இருப்பது மெக்னீசியம், அதுவும் கால்சியத்துக்குப் போட்டிதான். அனகா போன்ற ரகத்தை வைத்தால் தீரும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அது தாங்குவது வாடல் நோயை. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நீள்வடிவக் காய் ரகங்களில் இந்தக் கருப்பு அதிகம் வருகிறது, சிறு கொத்துத் தக்காளியில் அரிது என்பதே ரகத்தைப் பற்றி நினைவில் வைக்கத்தக்கது.

எல்லா அழுகலும் இதுவே என்றும் நான் சொல்லவில்லை. மண்ணைத் தொட்டுக் கிடக்கும் காயில் வளையம் வளையமாகப் பழுப்புப் படர்ந்தால் அது மண்ணிலிருந்து வரும் நோய். குச்சி நட்டுக் கட்டினால் பெரிதும் தவிர்க்கலாம். பழுத்த பின் வட்டக் குழிகளாக விழுவதும், புழு துளைத்த ஓட்டை வழியே நீராக ஒழுகி நாறுவதும் வேறு வேறு. கேள்வி கேட்ட வாசகரிடம் அழுகல் காயின் எந்தப் பக்கத்தில், எந்தப் பருவத்தில் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மருந்துச் செலவு மிஞ்சியிருக்கும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வீட்டுத்தோட்டப் பகுதியில் இந்தக் குறைபாட்டை ‘அழுகல் நோய்’ என்று எழுதுவதை விடுத்து, ‘பூமுனை அழுகல்’ என்றே எழுதுங்கள். நோய் என்ற சொல்லைக் கண்டவுடன் கை தெளிப்பானைத் தேடுகிறது. அடுத்து, ஆலோசனை எந்த மண்ணுக்கு உரியது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இங்கே கிழக்கேயிருந்து வரும் தமிழ் ஏடுகளும் மேற்கேயிருந்து வரும் மலையாள ஏடுகளும் ஒரே திண்ணையில் கிடக்கின்றன. இரண்டையும் படித்துவிட்டு இரண்டையும் ஒரே செடிக்குச் செய்கிறோம்.

கூடவே ஒரு கேள்வி. கோடையில் டிரம் வற்றும்போது நாங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது. அது நாக்கில் வைத்தாலே கரிக்கிறது. உப்பு நீரும் வேரின் நீர் உறிஞ்சலைக் குறைத்து இதே கருப்பை வரவழைக்கும். அந்த நீரை எந்த அளவுக்கு நல்ல நீரோடு கலந்து தக்காளிக்கு விடலாம் என்று, கரிசல் மண்ணில் பழகிய வேளாண் அறிஞர் எவரிடமேனும் கேட்டுத் தங்கள் ஏட்டில் வெளியிட்டால், அடுத்த மாசிக்குள் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.