ஒரு வரியில் தாண்டிப் போன தீவு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியக் கடல் பேரரசுகள் குறித்து சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். திசைகாட்டி, பீரங்கிக் கப்பல், மாலுமிகளின் துணிச்சல் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னவர், டச்சுக்காரர்கள் "நறுமணப் பொருள் வணிகத்தைத் தங்கள் வசமாக்கிக்கொண்டனர்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் நானும் அந்த வரியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எப்படி வசமாக்கினார்கள் என்று அப்போது யோசிக்காதது இன்றும் உறுத்துகிறது.

போன வாரம் பேத்திக்கு உரைமருந்து கொடுக்க ஜாதிக்காயைக் கல்லில் இழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு இழைப்புதான், அதற்குள் வீடெல்லாம் வாசனை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காய் எல்லாம் இந்தோனேசியாவின் கிழக்கே கிடக்கும் பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில் விளைந்ததுதான். பண்டாக்காரர்களும் லேசுப்பட்ட வியாபாரிகள் அல்லர். ஜாவாக்காரர், மலாய்க்காரர், அரபு வணிகர் என்று யார் வந்தாலும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் கொடுத்து அரிசியும் துணியும் வாங்கினார்கள். அந்தத் துணியில் நம் சோழமண்டலக் கரையில் நெய்ததும் உண்டு.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை. எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், அதுவும் நாங்கள் சொல்லும் விலைக்கு என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியது. தீவுக்காரர்கள் வழக்கம்போல மற்றவர்களுக்கும் விற்றார்கள். 1621இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் பெரும் படையோடு வந்து இறங்கினார். ஊர்த்தலைவர்கள் 44 பேரை ஒரு மூங்கில் வேலிக்குள் அடைத்து, கூலிக்கு அழைத்துவந்த ஜப்பானிய வாள்வீரர்களை விட்டு வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் என்பது பொதுவான கணக்கு. மற்றவர்களில் பலர் வெட்டுப்பட்டும், மலையில் பட்டினி கிடந்தும் செத்தார்கள். நூற்றுக்கணக்கானோரை அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிப்போனார்கள். ஆளில்லாத தோப்புகளைத் துண்டு போட்டு டச்சுக் குடியேறிகளுக்குக் கொடுத்து, வேலைக்கு வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். வாங்கியவன் முளைக்கப் போட்டுவிடக் கூடாதென்று காயைச் சுண்ணாம்பில் தோய்த்தே கப்பலேற்றினார்கள்.

இதைக் கடற்கொள்ளை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. போர் தொடுக்க, கோட்டை கட்ட, உடன்படிக்கை செய்ய நெதர்லாந்து அரசே கம்பெனிக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தது. முதல் பணம் பங்குகளாகத் திரட்டப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண் 100 கில்டர் (டச்சு நாணயம்) போட்டதற்கும் பதிவு இருக்கிறது. பண்டா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. கட்டுரையாளர் கப்பலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது இந்தக் கணக்குப் புத்தகத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். கடல் கடந்து போவதற்குத் துணிச்சல் போதும். போன இடத்தில் ஒரு மக்கள்கூட்டத்தையே அழித்து, அதன் தோப்பில் ஆண்டாண்டுக்கும் லாபம் எடுக்க இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது.

கட்டுரையின் அடுத்த பகுதியில் நியூயார்க் பற்றி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1667இல் ஆங்கிலேயரோடு நடந்த போரை முடித்த பிரெடா உடன்படிக்கையில், இன்றைய நியூயார்க்கின் நடுப்பகுதியான மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமே இருக்கட்டும் என்று டச்சுக்காரர்கள் விட்டபோது, தங்கள் கையில் உறுதிசெய்துகொண்டவற்றில் பண்டாவின் ரன் தீவும் ஒன்று. அந்த இடத்திலாவது 1621ஐ எழுதச் சொல்லுங்கள். தப்பிப் படகேறிய பண்டா மக்களின் வழிவந்தவர்கள் பண்டாவுக்குத் தென்கிழக்கே உள்ள கெய் தீவுகளில் இன்றும் இருக்கிறார்கள். சொந்தத் தீவில் வழக்கொழிந்துபோன பண்டா மொழியை அங்கே இன்னும் பேசுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தென்காசி.