இங்க்ஸ் லேக் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி) முகாம்: கிளம்பும் முன் படிக்கவும்

நண்பர்களே, டெக்சஸ் பர்னெட் அருகே இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் நமக்கு இடம் உறுதியாகிவிட்டது. மதியம் 2 மணிக்குப் பிறகு வந்தால் போதும். தண்ணீர், மின்சாரம் உண்டு. கழிவுநீர் இணைப்பு கிடையாது. பாத்திரம் கழுவும் தண்ணீரும் வண்டியின் டேங்கில்தான் சேரும் என்பதால் அதைக் காலி செய்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது பூங்காவின் டம்ப் ஸ்டேஷனில் (கழிவுநீர் கொட்டும் இடம்) கொட்டிவிடலாம்.

ஏரியின் டெவில்ஸ் வாட்டர்ஹோல் பகுதியில் இளஞ்சிவப்புப் பாறைகளுக்கு நடுவே நீந்துவது அவ்வளவு சுகம்! ஆனால் ஈரப்பாறை வழுக்கும், உயிர்காப்பாளர் யாரும் இல்லை. பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது. கரையிலிருந்து மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை, தூண்டிலைக் கொண்டு வாருங்கள்.

அப்புறம், பூங்கா இருக்கும் அதே பார்க் ரோடு 4 சாலையில் லாங்ஹார்ன் குகை இருக்கிறது. 1930-களில் இளைஞர்கள் டன் டன்னாக மண்ணை வாரி வெளியேற்றித் திறந்துவிட்ட வழியில் நடக்கப்போகிறோம், தவறவிடாதீர்கள். உள்ளே எப்போதும் 20 டிகிரி செல்சியஸ்தான். தரையும் ஈரமாக இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் பாட்டு, ஜெனரேட்டர் இரண்டும் நிறுத்தப்பட வேண்டும். குகைக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்று இங்கேயே சொல்லுங்கள், டிக்கெட்டைச் சேர்த்து எடுத்துவிடுகிறேன்.