வாசலில் ஒரு மேசை போடுங்கள்

மாவட்ட நூலக அலுவலர்களுக்கும் கிளை நூலகர்களுக்கும் வணக்கம்.

நான் முப்பது ஆண்டுகளாகக் கிளை நூலக உறுப்பினர். சொத்து வரி கட்டும்போதெல்லாம் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

எங்கள் ஊர் நூலகத்துக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவேடு. அதற்கு மேலே சுவரில் புரவலர் பெயர்ப் பலகை. பக்கத்தில் பூட்டிய கண்ணாடி பீரோ. அதற்குள் 'புதிய வரவுகள்' என்ற அட்டையோடு பத்துப் பன்னிரண்டு நூல்கள். அவை புதிதாக வந்து மூன்று ஆண்டு ஆகிறது. ஒருநாள் அதிலிருந்த தேனீ வளர்ப்பு நூலைக் கேட்டேன். "அது காட்சிக்கு வச்சது சார். சாவி மேடம்கிட்ட இருக்கு" என்றார்கள். மேடம் அன்றைக்கு ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். தேனீ இன்னும் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது.

காலையில் நூலகம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நாளிதழ் மேசையைத் தாண்டுவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிடுகிறார்கள். உள்ளே வரிசையாக நிற்கும் ரேக்குகள் இவர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. எப்படிக் கூப்பிடும்? பைண்டிங் செய்த முதுகெல்லாம் ஒரே பழுப்பு. மையால் எழுதிய தலைப்பு பாதி அழிந்திருக்கிறது. அட்டைப் படத்தைக் கண்ணால் பார்த்தால்தானே கை நீளும்?

முன்பு எங்களுக்கு ஒரு நூலகர் இருந்தார். நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தே பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். "இத எடுத்துட்டுப் போங்க. முதல் நாற்பது பக்கம் இழுக்கும், அப்புறம் வைக்க மாட்டீங்க" என்பார். என் மகளுக்கு அறிவியல் நூல்மேல் ஆசை வந்ததே அவரால்தான். பிறகு இடமாறுதலில் போய்விட்டார். கூடவே அந்த நாலாயிரம் நூல்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போய்விட்டது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இன்னொன்றும் உண்டு: அவர் வாய்மொழியாகச் சொன்னது எங்களைப் போல உரிமையோடு பேசுகிறவர்களுக்குத்தான் கிடைத்தது. கூச்சத்தோடு கதவோரம் நின்ற பையனுக்குக் கிடைத்திருக்காது.

நான் கேட்பது இதுதான். நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேசை. அதில் ஆறேழு நூல்கள், முகப்பு அட்டை தெரியும்படி. ஒவ்வொன்றோடும் நூலகர் தன் கையால் எழுதிய ஒரு சீட்டு. 'மிகச் சிறந்த நாவல்' என்று எழுத வேண்டாம், அதைப் பின்னட்டையே சொல்லிவிடும். 'மாமியாரோடு சண்டை போட்ட அன்று படித்தேன், சிரித்துவிட்டேன்' என்று எழுதுங்கள். 'கிணறு வெட்டுகிறவர் வீட்டில் இருக்க வேண்டிய நூல்' என்று எழுதுங்கள். எங்கே இழுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்த சீட்டை நம்புவோம்.

எந்த நூலை வைப்பது என்று குழம்ப வேண்டாம். நூலுக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டாக முத்திரை விழாத நல்ல நூல்கள் ரேக்கில் நிறைய இருக்கும். முதலில் அவற்றை வெளியே கொண்டு வாருங்கள். தலைவர்கள் பிறந்தநாளுக்கு மட்டும் காட்சி வைக்கிற பழக்கம் இருக்கிறதே, மாலை வாடியதும் அதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரி, குளம், வெள்ளம் பற்றிய நூல்களை வைத்தால் எங்கள் ஊரில் பேச ஆள் இருக்கிறது.

முக்கியமான ஒன்று: மேசையில் இருப்பதை அங்கேயே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக விட வேண்டும். ஒன்று போனால் இன்னொன்றை வையுங்கள்.

நூல் காணாமல் போனால் இருப்புச் சரிபார்ப்பில் யார் பதில் சொல்வது என்று நூலகர் கேட்பார். நியாயமான பயம்தான். பல கிளைகளில் கதவைத் திறப்பதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை ஒரே ஆள். அதனால்தான் மடலை மாவட்ட அலுவலர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். மேசையில் வைத்த நூல் ஒன்றிரண்டு தொலைந்தால் நூலகரின் தலையில் கட்ட மாட்டோம் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், பல பீரோக்கள் தாமாகத் திறக்கும்.

நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் தந்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. வாசகர் தேடி வருவது ஒன்று, நூல் வாசகரைத் தேடிப் போவது வேறு. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. ரேக்கிலிருந்து வாசல் வரை, அதிகம் போனால் முப்பது அடி.

ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பிறந்தநாள், நூலகர் தினம். அன்றைக்கே தொடங்கலாம். மேசை வாங்க நிதி இல்லையென்றால் எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரு கால் ஆடும். அட்டையை மடித்துக் கீழே வைத்தால் சரியாக நிற்கும்.

இப்படிக்கு,
ஒரு கிளை நூலக வாசகன்