யூரியாவை நிறுத்துவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளே,

உன் மகள் கல்லூரி ப்ராஜெக்டுக்காக வயல் மண்ணின் டிஎன்ஏவைப் படித்த அறிக்கையை நீ அனுப்பி ஒரு வாரம் ஆகிறது, அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார்கள், பேப்பர்கூடப் படிக்கிறார்கள், உன்னை விசாரித்தார்கள்.

காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் ஜீன் நம் மண்ணில் நிறைய இருக்கிறதாம், இந்தக் குறுவைக்கு யூரியாவை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டு நிறுத்திவிடாதே.

ஜீன் இருக்கிறது என்றால், நைட்ரஜனைப் பிடிக்கிற நொதியை, அதாவது அந்த வேலையைச் செய்யும் புரதத்தை, உண்டாக்கத் தெரிந்த பாக்டீரியா அங்கே இருக்கிறது, அல்லது எப்போதோ இருந்தது, அவ்வளவுதான். செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ மண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். பலவகை மண்களைச் சோதித்து 2016-இல் வந்த ஓர் ஆய்வில், சராசரியாக 40 சதவீத டிஎன்ஏ இப்படி மிஞ்சிக் கிடப்பதுதான் என்று கண்டார்கள். உயிரோடு இருப்பதும் சும்மா இருக்கலாம். நைட்ரோஜினேஸ் என்கிற அந்த நொதி ரொம்பச் செலவு பிடிக்கிறது, ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் சக்திக் காசு) வேண்டும், அதனால் நீ போட்ட யூரியாவிலிருந்து அம்மோனியா தாராளமாகக் கிடைக்கும்போது பாக்டீரியா அந்த ஜீனையே அணைத்துவிடும். ஆக்சிஜன் பட்டாலும் அந்த நொதி கெட்டுப்போகும். இதில் எதையும் டிஎன்ஏ அறிக்கை காட்டாது.

எனக்கு இது உறைத்தது கலிபோர்னியாவின் ரிச்மண்ட் சுரங்கத்தைப் பற்றிப் படித்தபோது. பிஎச் 1-க்கும் கீழே இருக்கிற அமிலத் தண்ணீரின் மேல் பாக்டீரியாக்கள் ஏடாகப் படிந்து வாழ்கிற இடம் அது. நுண்ணுயிர்களை ஆராயும் ஜில்லியன் பான்ஃபீல்டின் குழு 2004-இல் அந்த ஏட்டின் டிஎன்ஏவைப் படித்தது, அடுத்த ஆண்டே அதிலுள்ள புரதங்களை நேரடியாகப் பிரித்து மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்து 2,033 புரதங்களை அடையாளம் கண்டது. ஜீனை மட்டும் பார்த்து என்ன வேலை என்று சொல்ல முடியாமல் விட்டிருந்த ஒரு புரதம் அங்கே ஏராளமாக இருந்தது. அதைத் தனியே பிரித்துச் சோதித்தால், இரும்பை ஆக்சிஜனேற்றும் சைட்டோகுரோம், அதாவது எலக்ட்ரானைக் கடத்தும் புரதம்! அந்த இடத்தை அமிலமாக்குகிற வேலையே அதை நம்பித்தான் நடக்கிறது, ஜீன் பட்டியலிலோ பெயரில்லாமல் கிடந்திருக்கிறது.

சரி, உன் வயலுக்கு வருகிறேன். அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. நைட்ரோஜினேஸ் அசிட்டிலின் வாயுவையும் எத்திலீன் வாயுவாக மாற்றும், ஆகவே மண்ணைப் புட்டியில் அடைத்து, கொஞ்சம் அசிட்டிலின் ஏற்றி, சில மணி நேரம் கழித்து எத்திலீன் எவ்வளவு என்று வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் பார்த்தால் நொதி இப்போது ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். அசிட்டிலின் ஏற்றாத புட்டி ஒன்றும் கூடவே வைக்கச் சொல், ஏனென்றால் மண்ணே கொஞ்சம் எத்திலீன் விடும். எந்த பாக்டீரியா அதைச் செய்கிறது என்று இதில் தெரியாது, அதற்குக் கனமான நைட்ரஜன்-15 கொடுத்து அது யாருடைய டிஎன்ஏவில் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும், அது அப்புறம்.

இப்போதைக்கு ஒரு பாத்தியில் மட்டும் யூரியா போடாமல் விடு. நடவு முடிந்து மூன்றாவது வாரம் நான் ஊருக்கு வருகிறேன், அதிலும் யூரியா போட்ட ஒரு பாத்தியிலும் வேரோடு மண் எடுப்போம், உன் மகளையும் அன்றைக்கு லீவு போடச் சொல்.

உன்
பழைய ரூம்மேட்